சொத்து விவரம்

பன்னிரண்டு நாள், ஏழு நாடு, மூன்று வேளையும் சைவம்.
கடலூரிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான்:
மஞ்சக்குப்பம் நான், ஓ.டி. ஃபிலோமினா.
எட்டாம் நாள் எல்லாரும் சென்ட் கடைக்குக் கிளம்ப
கால்வலி என்று சொல்லிவிட்டு
ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

எந்த ஊர் என்று அவள்தான் முடிவு செய்தாள்.
கடைசி நிறுத்தமாம். தூங்கிப்போனாலும் தவறாது.
பலகையில் ஒன்பது எழுத்து.
கவுண்டரில் ஒன்பதையும் சொன்னேன், பையனுக்குப் புரியவில்லை.
விரலால் காட்டினேன்.
அவன் சொன்னபோது நாலுதான் கேட்டது.
மிச்சத்தை எங்கே வைத்தான், என்றாள் ஃபிலோமினா.
வாய்க்குள்ளேயே, என்றேன்.

முப்பத்தொரு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில்
அடுத்தவர் நிலத்தைப் படித்துப் பார்த்தவள்.
எங்கே போய் நின்றாலும் மனசு தானாக எல்லை போடும்:

வடக்கே, ஷட்டர் இறக்கிய மருந்துக்கடை,
பச்சைச் சிலுவை மட்டும் எரிகிறது.
கிழக்கே, கெடிலத்தில் பாதி அகலம்கூட இல்லாத ஆறு;
ஆனால் தண்ணீர் ஓடுகிறது. வயிற்றெரிச்சலோடு குறிக்கிறேன்.
தெற்கே, போரில் செத்தவர்கள் பெயர் வெட்டிய கல்.
ஒரே குடும்பப் பெயர் நாலு முறை,
நாலாவதற்குக் கீழே இடமில்லை.
மேற்கே, காசு போட்டால் துணி துவைக்கும் கடை.
இதற்குட்பட்ட சதுக்கமும் ஒரு நாயும் மழையும்.
வில்லங்கம் எதுவும் தென்படவில்லை.

மழைக்குத் துணிக்கூடத்தில் ஒதுங்கினோம்.
யாருடைய போர்வையோ கண்ணாடிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.
டூர் சமையல்காரர் கட்டித்தந்த புளிச்சாதத்தைப் பிரிக்கும்போது
போர்வைக்காரி வந்தாள். ரப்பர் செருப்பு, ஈரக் குடை.
போனில் எதையோ பேசி எங்களிடம் நீட்டினாள்.
திரையில் தமிழ்:
இங்கே என்ன இருக்கிறது?
மெஷின் தப்பாகச் சொல்கிறதோ என்று பார்த்தோம்.
அவள் தோளைக் குலுக்கி, வெளியே மழையைக் காட்டி
மறுபடி அதையேதான் கேட்டாள்.
ஃபிலோமினா ஒரு வாய்ச் சாதத்தை மென்று விழுங்கிவிட்டு
ரயில் இங்கே முடிகிறது, என்றாள்.
போன் அதை அவளிடம் சொன்னது.
சிரித்தாள். பிறகு போர்வையின் ஒரு முனையை
என் கையில் கொடுத்தாள்.
இழுத்து, உதறி, மடித்தோம்.
அந்த ஏழு நாட்டில் நான் தொட்டதில்
சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

ஊரில் எல்லாரும் கோபுரத்தைக் கேட்டார்கள்.
காட்டினேன். கோபுரம், நான், என் கைப்பை.

ஆடி மாசம் ஒரு சாயங்காலம்.
மெட்ராசிலிருந்து மகள் வருகிறாள், வண்டி தாமதம்.
பிளாட்பாரத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள், முதுகில் மூட்டை.
வழி தவறி இறங்கிவிட்டார்கள் என்று
டீ விற்கும் துரைக்கண்ணு முடிவே செய்துவிட்டான்.
பாண்டி, பஸ், அந்தாண்ட, என்று கையை நீட்டுகிறான்.
அவர்கள் நகரவில்லை.
அந்தப் பெண்ணிடம் கோடு போட்ட நோட்டு, அதில் அ ஆ இ.
பலகைக்குக் கீழே நின்று
ஒவ்வொரு தமிழ் எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறாள்,
இருட்டில் படி இறங்குகிறவள் காலை வைக்கிற மாதிரி.

நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
கண்டக்டர் கத்தினாலும், கல்யாணப் பத்திரிகைக்கு வழி சொன்னாலும்
திருப்பாப்புலியூர்.
அவசரமென்றால் அதிலும் பாதி.
திருத்தலாம் என்று வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் நடுவில் வந்துவிட்டாள்.
பா.
தி.
ரி.

பத்திரத்தில் எழுத்து விட்டுப்போனால்
பிழைத்திருத்தல் போட வேண்டும்.
எந்த வரி, எந்தச் சொல், என்று எழுதிக் காட்ட வேண்டும்.
பிறந்ததிலிருந்து நாங்கள் விழுங்கிவந்த எழுத்து இரண்டு.
சேர்த்துப் படித்தால்
திரி
என்றுதான் இருந்திருக்கிறது.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும்.
இருக்கிறார்கள்.
துரைக்கண்ணு இன்னும்
பாண்டி பஸ் பக்கமே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.