ஸ்கிராப்

இஸிப்பிங்கோ ரயில்பாதைக்குப் பின்னால் எங்கள் யார்டு.
தகரப் பலகையில் ஆள் உயர எழுத்தில்
ஸ்கிராப் என்றிருக்கும்.
கல்யாணமாகி வந்த புதிதில்
எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்:
கிலோவுக்கு இத்தனை ராண்ட்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
கான்ஸ்டபிள் மூட்லி வந்தார்.
(முதலிதான். கப்பல் பதிவேட்டில் நசுங்கி
மூட்லி ஆன பரம்பரை.)
சிமெண்ட் தரையில் நாலு சொட்டு ரத்தம்.
வளைந்த செம்புக்குழாய் ஒன்று.
பழைய பேட்டரிக் குவியல்மேல்
நெற்றியில் துண்டை அழுத்தியபடி என் புருஷன் நீலன்.
குழாயடியில்
கை கழுவிக்கொண்டே இருந்தான்
அவன் அண்ணன் சத்தியசீலன்.

என்னம்மா நடந்தது?

கணக்குப் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல்
இங்கிலீஷில் சொன்னேன்,
சும்மா, ஒரு ஸ்கிராப்.

சிரித்துவிட்டார்.
ஸ்கிராப் யார்டில் ஸ்கிராப்பா?
எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் தெரிந்தது
அந்தச் சொல் எத்தனை சௌகரியமென்று.
ஃபைட் என்றிருந்தால் கேஸ்.
அஸால்ட் என்றிருந்தால் வக்கீல், ஜாமீன்,
கோயில் கமிட்டிவரை பேச்சு.
ஸ்கிராப் என்றால்
ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் போலீஸ் போய்விடும்.

தமிழில் இத்தனை சின்னதாய் ஒன்று
கைக்கு அகப்படவில்லை எனக்கு.
சண்டை என்றால் தெருமுனை வரை கேட்கும்.
அடிதடிக்கு உள்ளேயே தடி இருக்கிறது,
சாட்சி வேண்டாம்.
கைகலப்பு என்று சொல்லலாம்தான்,
ஏதோ கைகள் இரண்டும்
பாலும் தண்ணீரும்போலக் கலந்துகொண்ட மாதிரி.

எவ்வளவு கனம் இருக்கும் இது, என்று
மூட்லி குழாயை எடுத்துப்
பெரிய தராசில் வைத்தார்.
முள் அசையவில்லை.
லேசான பொருள், என்று எழுதினார்.

நான் எச்சில் விழுங்கினேன்.

அந்தத் தராசுதான் விஷயமே.
எதை ஏற்றினாலும் முதல் இரண்டு கிலோவைத்
தின்றுவிடும். ஏப்பம்கூட விடாது.
இதை ஸ்கிராப் பண்ணிடலாம், என்றான் நீலன் காலையில்.
தூக்கிப் போடு என்கிற அர்த்தத்தில்.
அந்த ரெண்டு கிலோவிலதாண்டா
உன் வீட்டு அடுப்பு எரியுது, என்றான் அண்ணன்.
பொய்யில்லை.
ஆறு வருஷமாய் அந்தப் புத்தகத்தில் இருப்பது
என் கையெழுத்து.

நோட்டை மூடப்போனார் மூட்லி.
வாசலில் தள்ளுவண்டியோடு
தோபெக்கா நின்றிருந்தாள்.
உம்லாசியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு
வழியெல்லாம் காலி டின் பொறுக்கி வருகிறவள்.
எல்லாம் பார்த்திருக்கிறாள்.
இம்பி, என்றாள்.

ஜூலுவில் அது போர்.
ஈட்டியும் கேடயமுமாய்
மலை இறங்கி வருகிற சொல்.
அண்ணனையும் அவள் காட்டவில்லை, தம்பியையும் காட்டவில்லை.
அவள் விரல் தராசை நோக்கி நீண்டது.

மூட்லிக்கு ஜூலு நன்றாய்த் தெரியும்.
அதை மட்டும் எழுதவில்லை.

நீலனுக்கு மூன்று தையல்.
ராத்திரி அவன் தூங்கியபின்
புத்தக ஓரத்திலிருந்து ஒரு துண்டு கிழித்தேன்.
கிழிந்த துண்டுக்கும் அதே பெயர்தான் அவர்கள் பாஷையில்.
வாரத்துக்கு மூன்று நடை, நடைக்கு இரண்டு கிலோ,
வருஷம் ஆறு.
ஒருத்தி கணக்கே
துண்டுக்காகிதத்தில் அடங்காமல்
பின்பக்கம் திரும்பியது.

வியாழக்கிழமை தோபெக்கா வந்தாள்.
முப்பத்தொன்று என்றது தராசு.
முப்பத்து மூன்று என்று எழுதினேன்.

பக்கத்தின்மேல் அண்ணனின் நிழல் விழுந்தது.
விலகவில்லை.
அந்த நிழலுக்குள்ளேயே
பெருக்கி, பணத்தை எண்ணி
அவள் கையில் கொடுத்தேன்.