கடைமடை மரை

லஸ்கர் உத்திராபதி கோணியைக் கவிழ்த்தார்.
மதகு ஷட்டரின் மரைகள், பதினேழு.
ஒவ்வொன்றும் என் கைமுட்டி அளவு,
உப்புக்காற்று தின்ற மிச்சம்.

"மேட்டூர் தொறந்தாச்சுக்கா.
திருத்துறைப்பூண்டிக்குத் தண்ணி வர
எப்படியும் பத்து நாள் ஆவும்.
அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

துருவை அமிலத்தில் கழற்றி
அலசி, காரத் தொட்டிக்கு வந்தேன்.
காஸ்டிக் சோடா நீர்.
அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் துத்தநாகம்.
கையுறை ஓட்டையில் ஒரு சொட்டு புகுந்தால்
விரல் சோப்புபோல் வழுக்கும்.
வழுக்குவது சோப்பல்ல, தோல்.

கம்பியில் கோத்து இறக்கினேன்.
ஐந்து வோல்ட்.
நுரை எழுந்து மூக்கை எரித்தது.

"வெளியில ஏறிடும். உள்ள?
மரைக்கு உள்ளதானே வேலை?"

அமிலத் தொட்டி என்றால்
மேடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு
பளபளக்கும்.
இது அப்படியில்லை, என்றேன்.
இதிலும் மேட்டுக்குத்தான் மின்சாரம் அதிகம்.
ஆனால் பாய்ந்ததில் பெரும்பங்கு
குமிழியாய்க் கொப்பளித்துப் போய்விடும்.
பள்ளத்துக்கு வருவது கொஞ்சம்,
வந்தது வீணாகாமல் உலோகமாகும்.
கடைசியில் இரண்டும்
ஏறக்குறைய ஒரே கனம்.

கொஞ்ச நேரம் நுரையையே பார்த்தார்.
"தலைமடைக்காரன் இழுத்தது
பாதி நுரையாப் போவுதுன்னு வையிங்க...
எனக்கு எதுக்கு ராத்திரியில சைக்கிளு?"

மூன்று இருபதுக்குக் கரண்ட் போனது.
குமிழிகள் ஒவ்வொன்றாய் உடைய
தொட்டி சும்மா கிடந்தது.
திரும்பி வந்து முடித்துத் தூக்கினால்
ஒன்பது சரி.
எட்டில் கொப்புளம்.
எட்டையும் உரித்தேன்.
மறுபடி அமிலம், மறுபடி அலசல்,
மறுபடி ஐந்து வோல்ட்.
அவர் போய் இரண்டு டீ வாங்கி வந்தார்,
எனக்குச் சர்க்கரை ஆகாது என்று தெரியாமல்.
குடித்தேன்.

எட்டரை மணிக்கு
கரையில் உடைப்புத் தேடும் அதே டார்ச்சை
மரைக்குள் அடித்தார்.
முதல் சுற்று, இரண்டாவது,
அடியில் வெளிச்சமே போகாத கடைசிச் சுற்று.
சுண்டுவிரலை விட்டுத் தடவினார்.

"வந்துடுச்சு" என்றார்,
வயலில் நின்று சொல்கிற அதே குரலில்.

பணம் பில் பாஸானதும்.
போன வருஷத்துப் பில்லும்
இன்னும் பாஸாகவில்லை.

அவர் போன பிறகு
அலசிய நீரை டிரம்மில் ஊற்றி
அமிலம் சேர்த்தேன், சொட்டுச் சொட்டாக,
காகிதம் நிறம் மாறும்வரை.
வெள்ளைச் சேறு இறங்க விடியும்.
பட்டறையை ஒட்டியே வாய்க்கால்,
வெடித்துக் காய்ந்து கிடக்கிறது.
யாரும் பார்க்கப்போவதில்லை.
டிரம்மை மூடிவிட்டுப் படுத்தேன்.