தவணை

ஏழை என்பதற்கு ஒரு கடிதம் வேண்டுமாம்.
விதானையார் கந்தோரில் இரண்டு காலை
வாங்கில் இருந்து வாங்கினேன்.
மாத வருமானம் கேட்டார்.
கருவாட்டு வாடியில் நாட்கூலி என்றேன்.
மழையென்றால் இல்லை, கடல் கொந்தளித்தால் இல்லை,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இல்லை.
எல்லா இல்லைகளையும் கூட்டி
ஒரு தொகை எழுதி முத்திரை குத்தினார்.

சட்ட உதவிக் கந்தோர் வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ தவறவிட்ட படிவமொன்றை
ஆறுதலாகச் சப்பிக்கொண்டு நின்றது.
திருகோணமலை மான்களுக்குப் புல்லைவிடக் கடதாசி ருசி.
என்னுடையதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

சட்டத்தரணி கிண்ணியாப் பிள்ளை. றிஸ்மியா.
என்னைவிட ஆறேழு வயது குறைவு.
கறுப்புக் கோட்டின் கைமடிப்பில்
கையால் தைத்த நூல் தெரிந்தது.
பீஸ் எவ்வளவு மிஸ் என்று மூன்று தரம் கேட்டேன்.
மூன்று தரமும் இல்லை என்றாள்.
தானமாய் வந்த மாட்டின் பல்லை
நான் பிடித்துத்தான் பார்த்தேன்:
"எத்தனை வழக்கு வென்றிருக்கிறீங்கள்?"
"எண்ணிப் பாக்கேல்ல அக்கா.
உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்கோ."

என்ன வேணும்.
பொறுத்துக்கொள் என்றார் பாதர்.
ஆம்பிளைதானே என்றா மாமி.
சமாதானமாய்ப் போ என்றது பொலிஸ்.
ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
பால்மா என்றேன். சின்னவனுக்கு இன்ஹேலர்.
பெரியவளுக்குச் சப்பாத்து.
அவன் வேண்டாம்.
கடைசி வசனத்தையும் அவள் எழுதினாள்.

வழக்கு நாளில் நாற்பத்து மூன்றாவதாய்க் கூப்பிட்டார்கள்.
அன்ரன் காசு கொடுத்த சட்டத்தரணியோடு நின்றான்.
"என் கட்சிக்காரருக்கு எட்டு மாதமாகத் தொழில் இல்லை."
அன்ரன் தலையைக் குனிந்தான். நன்றாகக் குனிவான்.
அப்போதுதான் கண்டேன்,
மணிக்கூட்டுப் பட்டியின் ஓட்டைகளில் வெள்ளை.

பதினொரு வருஷம் அவன் உடுப்புத் தோய்த்தவள்.
சீனக்குடா மாவாலையின் மா எது,
முகப்பவுடர் எது என்று எனக்குத் தெரியாதா?
குளிப்பான், தலைக்கு எண்ணெய் வைப்பான்,
மணிக்கூட்டை மட்டும் துடைக்கமாட்டான்.
றிஸ்மியாவின் காதில் சொன்னேன்.

எழும்பினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது.
"பிரதிவாதி தன் மணிக்கூட்டைக் கழற்றிக் காட்டலாமா?"
அந்தப் பக்கத்துச் சட்டத்தரணி சிரித்தார்.
பின்வாங்கில் நாலுபேர் சிரித்தார்கள்.
நீதவான் சிரிக்கவில்லை.
கழற்றினான்.
கறுப்பு மேசையில் ஒரு பொட்டு மா விழுந்தது,
நுளம்பின் கனம்கூட இருக்காது.

சம்பளத் துண்டு கொண்டுவர வேண்டும்.
அதுவரை மாதம் ஏழாயிரம்.
அடுத்த தவணை பதினேழாம் திகதி.

தவணை.
தையல் மெசின் எடுத்ததும் தவணை.
நுண்கடன்காரன் ஞாயிறு பூசைக்கு முன்னமே
படலையைத் தட்டுவதும் தவணை.
இன்றைக்குத்தான் அந்தச் சொல்
என் பக்கமாய் முகம் திருப்பிப் பார்க்கிறது.

தீர்ப்பு இல்லை இன்னும்.
பதினேழாம் திகதி அவன் வராமலும் விடலாம்.

வெளியே வந்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த
பாரைக் கருவாட்டை நீட்டினேன்.
"வேண்டக்கூடாது," என்றாள், கண் அதில் இருக்க.
கையில் முப்பத்தொரு கோப்பு.
அடுத்ததைத் திறந்தபடியே,
"அப்ப பதினேழாம் திகதி பாப்பம், டெல்மா அக்கா."
டெல்சியா, என்றேன்.
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
எனக்குக் கோபம் வரவில்லை.
மணிக்கூட்டை அவள் மறக்கவில்லையே.

பஸ்நிலையம் வரைக்கும்
ஒரு குட்டிமான் என் பின்னால் வந்தது.
கருவாட்டுக்கு அல்ல,
சுற்றியிருந்த பேப்பருக்கு.