ஏப்ரல் கற்கள்

உறைபனி இளகியதும்
எங்கள் நிலத்தில் முதலில் முளைப்பது கல்.
சாரெமா தீவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.
போன வருடம் பொறுக்கிச் சுத்தமாக்கிய அதே வயலில்
இந்த வருடமும்
மொட்டைத் தலைகளாய் எட்டிப் பார்க்கும.்
குளிர் கீழிருந்து நெம்பிக் கொடுக்கிறதாம்.
வேளாண் அலுவலகத்தில் ஒருவர் படம் போட்டுக் காட்டினார்.
எனக்குப் படம் தேவைப்படவில்லை.

உர்மோ பிப்ரவரியில் துர்க்கு போனான்,
கூரை வேலைக்கு, ஆறே வாரம் என்று.
ஐந்தாம் வாரம் ஒரு குறுஞ்செய்தி.
நான்கு வரி.
மூன்றாவது வரியில் ஒரு பெண்ணின் பெயர்.
நான்காவதில்
டிராக்டருக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய தேதி.

தலையில் கல்லைப் போட்டுவிட்டானே என்றாள் தங்கை ஐலி.
மனதைக் கல்லாக்கிக்கொள் என்றும் சொன்னாள்.
தாலினில் ஐந்தாம் மாடியில் இருக்கிறவள்.
கல் என்றால் போட்ட இடத்தில் கிடக்கும் என்று நினைக்கிறாள்.

விடிகாலை ஐந்துக்குக் கடப்பாரையோடு இறங்கினேன்.
டிராக்டரை எடுத்திருக்கலாம்.
இருக்கையில் அவன் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது.
கையளவு கல்லை வாளியில்,
தலையளவு கல்லை வயிற்றோடு அணைத்து,
ஆட்டுக்குட்டியளவு கல்லை
மரச்சறுக்கில் உருட்டிக் கயிற்றைத் தோளில் மாட்டி
வேலியோரம் இழுத்துக் கொட்டினேன்.
கல்லுக்கு ஒரு வசவு என்று கணக்கு.
மத்தியானத்துக்குள் வசவு தீர்ந்துபோயிற்று,
கல் தீரவில்லை.

மூன்றாம் நாள் நான் என்றால் முதுகு மட்டும்தான்.
அது போதுமாயிருந்தது.
வலிக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது,
இடுப்புக்கு நாலு விரல் மேலே, வலப்பக்கம்,
குதிரைத் தைலம் தேய்த்தால் கேட்கிற இடம்.
சூப் ஆறுவதற்குள் மேசையிலேயே தூங்கினேன்.
கனவிலும் கல்தான் வந்தது.
அவன் வரவில்லை.

ஒன்பதாம் நாள்
வலக்கை விரல்கள் வீங்கி
மோதிரம் சதைக்குள் புதைந்தது.
மறக்கத்தான் சுமந்தேன்.
சுமந்த கை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.
சோப்பு, வெண்ணெய், நூல்,
எதற்கும் அசையவில்லை.
விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தபின்
பக்கத்து நிலத்து ஹில்லரிடம் போனேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.
மீன் டப்பாவில் வெட்டிய தகரத்தைத்
தோலுக்கும் பொன்னுக்கும் நடுவே செருகி
சின்ன அரத்தால் அராவத் தொடங்கினார்.
நாற்பது நிமிடம்.
வானொலியில் கடல் வானிலை.
வலிக்கிறதா என்றார்.
முதுகு என்றேன்.
மேற்கொண்டு கேட்கவில்லை.
அறுந்த வளையத்தைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார்,
மிச்சமிருந்த ஆறு குச்சிகளைத் தன் சட்டைப்பைக்கு மாற்றிவிட்டு.

அன்றைக்குத்தான் அழுதேன்.
வீட்டில் அல்ல, நடு வயலில்,
நாலு நாளாய்ச் சுற்றித் தோண்டியும்
அடி தட்டுப்படாத ஒரு பெருங்கல்லின் மேல் உட்கார்ந்து.
வெயில் வாங்கி அது சூடாயிருந்தது.
தலைக்கு மேலே நாரைகள் வடக்கே போயின,
துர்க்கு இருக்கிற திசைதான்.
போகட்டும்.
மூக்கைக் கையுறையில் துடைத்ததில்
முகமெல்லாம் மண்.

சங்கிலி போட்டு இழுத்துத் தருகிறேன் என்றார் ஹில்லர்.
வேண்டாம், சுற்றி உழுதுகொள்வேன் என்றேன்.
தோண்டிய குழியை மூடவே அரை நாள் ஆயிற்று.

மே மாதம் உருளைக்கிழங்கு போட்டேன்.
எண்ணெய் மாற்றினேன்,
அவன் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் பிந்தி.
பள்ளத்தில் என் அளவுக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டு ஓட்டினேன்.

ஐலி கேட்டாள், இப்போது எப்படி இருக்கிறாய்.
வயல் சுத்தம் என்றேன்.
அப்பாடா என்றாள்.
அடுத்த ஏப்ரலைப் பற்றி
நான் ஒன்றும் சொல்லவில்லை.