ஏழாம் வழி

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
ஏழாம் வழி என்னுடையது.

ஓட்டுநரின் முகத்துக்கு முன்னால்
அவர் கடவுளின் முகம்தான் கண்ணில் படும்.
எலுமிச்சையோடு சேர்ந்து வாடிய முனியப்பன்.
ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி
இன்னும் தலையாட்டி முடிக்காத பிள்ளையார்.
ராயக்கோட்டைத் தக்காளி வண்டியில்
பச்சைத் துணியில் ஒரு பிறை.
பேட்டரி தீர்ந்து
விட்டு விட்டு எரியும் வேளாங்கண்ணி மாதா.
யார் கூட வந்தாலும் கட்டணம் ஒன்றுதான்.

அப்பா பெயர் திம்மராயன்.
சாமி பெயரின் மேல் கறுப்புச் சட்டை போட்டவர்.
யாராவது சீண்டினால்
"கெஜட்டில் மாற்றக் காசில்லை" என்பார்.
எங்கள் வீட்டில் விளக்கேற்றியது
கரண்ட் போனால் மட்டும்.

இருபத்திரண்டில் போன வீட்டில்
வெள்ளிக்கிழமை என்பது ஒரு வேலை.
குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பேன்,
ஐந்து திரி,
சூடம் காட்டினால் கண்ணை மூடிக்கொள்வேன்.
மூடிய கண்ணுக்குள்
குழம்புக்கு என்ன காய் என்பது ஓடும்.

இருபத்தொன்பதில், ஏழாம் மாதம்,
ஸ்கேன் எடுத்தவர் துடிப்பு குறைவு என்றார்.
காட்டுவீர ஆஞ்சநேயர் கோயிலுக்கு ஓடி
மட்டைத்தேங்காய் கட்டினேன்.
நான்காம் நாள்
துடிப்பு குறைய அங்கே ஒன்றுமில்லை.
தேங்காயை அவிழ்க்கப் போகவில்லை.
தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் யார் சொன்னார்களோ.
ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு
"தேங்காய் என்ன விலை?" என்று கேட்டார்.
அது மட்டும்தான் கேட்டார்.

பிறகு சில வருஷம்
சாமி இல்லை என்று சொல்லவும்
எனக்குச் சோம்பலாக இருந்தது.

ஒரு மார்கழி. மூன்று மணி.
அணைப் பக்கமிருந்து பனி இறங்கி
ஆறாம் வழியே தெரியவில்லை.
பெங்களூரிலிருந்து ஒரு வேன்.
நீட்டிய நூறு ரூபாய் நடுங்கியது.
பின்சீட்டில் போர்வை மூடி யாரோ,
வெளியே ஒரு பாதம்,
இரண்டாம் விரலில் மெட்டி.
சில்லறை கொடுத்தேன். ரசீது கொடுத்தேன்.
கையில் கொடுக்க வேறெதுவும் இல்லை.
"பார்த்துப் போங்க" என்றேன்.
அந்த ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு
"சரிம்மா" என்றார்.
வீட்டிலிருந்து கிளம்புகிறவர் போல.

பின்னால் ஹாரன்.
அடுத்த வண்டிக்கும் சொன்னேன்.
அதற்கடுத்ததற்கும்.
குடித்திருந்தவனுக்கு, சில்லறைக்குச் சண்டை போட்டவனுக்கு,
"என்ன மேடம், லவ்வா?" என்று இளித்தவனுக்கு.
பக்கத்து வழி நஸ்ரீன்
"வாய் வலிக்காதா அக்கா?" என்பாள்.
வலிக்கும்.

இப்போது பாஸ்டேக்.
கண்ணாடி இறங்குவதில்லை, கை வெளியே வருவதில்லை.
'பீப்' என்றதும் தடுப்பு தானாக எழுகிறது.
கூண்டுக்குள் நான்,
கூண்டுக்குள் அவர்கள்.
சொல்வதை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
நாக்கு கேட்கவில்லை.
ஒருவருக்கும் காதில் விழாது என்றான பிறகுதான்
இத்தனை வருஷம் நான் செய்துகொண்டிருந்தது
என்னவென்று எனக்கே சந்தேகம் வந்தது.

அப்பாவுக்கு எழுபத்தாறு.
வாரம் இரண்டு நாள் தர்மபுரிக்கு டயாலிசிஸ்.
தம்பி வராத நாளில் தனியாகவே போவார்.
நேற்று பஸ் ஏற்றிவிட்டு,
பழக்கதோஷம், "பார்த்துப் போங்க" என்றேன்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
பழைய கூட்டத்துக் குரலில் கேட்டார்:
"யாரைப் பார்த்து?"

சிரித்தார். நானும்.
பதில் தேடுவதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு முதல் வண்டி
நாமக்கல் பக்கமிருந்து கோழி லாரி.
இறகும் நாற்றமுமாக நின்றது.
இதுகளிடம் எப்படிச் சொல்வது,
சொன்னால் பொய்யாகாதா என்று
முதல்முறையாக வாய் தயங்கியது.

தடுப்பு எழுந்தது.
கம்பி இடுக்கில் கழுத்தை நீட்டி
ஒரு வெள்ளைக்கோழி
என்னையே பார்த்தது.

சொன்னேன்.