மைனஸ் ஆறேகால்

குளியலறையில்
என் கண்ணாடியை நானே மிதித்த இரவு,
வெள்ளவத்தையில் மழை.
கடலோரம் ரயில் போனது,
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

மூன்று கடைகளைத் திறந்துவிட்டு
மூக்குத் திரையில் முட்டக் குனிந்தேன்.
உள்ளங்கை அகலம்தான் தெரியும்,
மீதியெல்லாம் கஞ்சி.

முதலாவது, கூவிப் பிடிக்கிற கடை.
கால் வைக்குமுன்
சக்கரத்தைச் சுற்றச் சொன்னது.
பதினைந்து வீதம் கழிவு விழுந்ததாம்,
பத்து நிமிடத்தில் செத்துப்போகுமாம்.
மூலையில் ஒரு சிவப்புக் கசிவு துடித்தது,
அதுதான் மணிக்கூடு போல.

இரண்டாவது என் முகத்தைக் கேட்டது.
கமெராவுக்குக் காட்டினேன்.
ஆமையோட்டு நிறப் பிரேமை
எனக்குப் பின்னால் நின்ற மின்விசிறிக்கு
மாட்டிவிட்டிருக்கு என்று
அறைத்தோழி ஃபஸ்மியா விழுந்து சிரித்தாள்.
பிறகு, கருமணிகளுக்கு நடுவே
எத்தனை மில்லிமீற்றர் என்றது.
அடிமட்டத்தை என் மூக்கில் வைத்து
'சிரிக்காதடி, கோடு ஆடுது' என்றாள்
சிரித்துக்கொண்டே.
அறுபத்திரண்டு.
மூன்று வருடமாய் ஒரே அறை,
ஒரே வாடகை.
அவள் இமையில் ஒரு மச்சம் இருப்பதை
அன்றுதான் கண்டேன்.

மூன்றாவது வெள்ளை.
உள்ளங்கை உள்ளங்கையாய் நகர்ந்தேன்,
வெள்ளை, வெள்ளை,
ஒரு பிரேமின் கால்,
மறுபடி வெள்ளை.
'வாங்கு' என்ற சொல் கடைசியில்
சுவரில் பல்லி முட்டை மாதிரி,
மெல்லிய சாம்பலில்.

அந்தச் சாம்பலைத் தெரிவுசெய்தவள் நான்.
ராஜகிரியவில், ஏழாம் மாடியில்,
கண்ணாடி மூக்கில் இருந்த
ஒரு செவ்வாய்க்கிழமை.
'எதை அமத்துவது என்று விளங்கவில்லை'
என்று மட்டக்களப்பிலிருந்து
ஒருவர் எழுதியிருந்தார்.
அழகு குலையும் என்று
மடலை மூடிவிட்டு
வெளியீட்டு விழாக் கேக்கை வெட்டப் போனோம்.

கோணாமலை ஐயா,
பெயர் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.
கண்ணாடி தேடி வருகிறவருக்குக்
கண்ணாடி இருக்காது என்று
அந்தக் கூட்டத்தில்
ஒருவருக்கும் தோன்றவில்லை.
கேக் நன்றாகத்தான் இருந்தது.

காலையில் ஃபஸ்மியாவின் தோளைப் பிடித்துக்
காலி வீதியைக் கடந்தேன்.
கடைக்காரர் வெறும் பிரேமை மாட்டிவிட்டு
முகக்கண்ணாடியை நீட்டினார்.
அதற்குள் ஒரு மங்கல்,
என் சட்டை நிறத்தில்.
'எப்படி இருக்கு மிஸ்?'
'அவளிடம் கேளுங்கள்.'

காதோரம் நூலில் ஆடிய
விலைத்துண்டை மட்டும்
அரையடிக்குக் கொண்டுவந்து வாசித்தேன்.
மார்க்கரால், தடிப்பாய், கறுப்பாய்,
ஒரு பக்கம் சரிந்து,
எங்கள் அலுவலகத்தில்
யாரும் சம்மதிக்காத கையெழுத்தில்:
ஒன்பதாயிரத்து ஐந்நூறு.