எல்டர் நல்லமுத்து

பீல் நகரில் மணியை அழுத்தும் முன்
ஒரு நொடி யோசிக்க வேண்டும்.
கதவுக்குப் பின்னால் ஜெர்மனா, பிரெஞ்சா?
ஹால்வர்சன் "குட்டன் டாக்" என்பான்.
நான் "போன்ஷூர்" என்பேன்.
எதைக் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறதோ
அதுதான் அந்த வீட்டு மொழி.

சட்டைப் பைமேல் கருப்புப் பட்டை:
எல்டர் நல்லமுத்து.
எல்டர் என்றால் மூப்பர்.
எனக்கு வயது இருபது.
நல்லமுத்து என்றால் என் அப்பா.
பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிவிட்டதால்
பதினான்கு மாதமாக
அவர்தான் இங்கே ஊழியம் செய்கிறார்.
ஏரிக்காற்றில் காது விறைக்க நிற்கிறார்.
துண்டுப் பிரசுரத்தை நீட்டி
"வேண்டாம்" வாங்கிக்கொள்கிறார்.
"நல்லமுத்து, இன்றைக்குப் பாத்திரம் உன் முறை"
என்று ஐடஹோக்காரன் அவரைத்தான் எழுப்புகிறான்,
காலை ஆறரைக்கு.

பீளமேட்டு லேத் பட்டறையில் இருப்பவருக்கு
இது ஒன்றும் தெரியாது.
ஞானஸ்நானம் எடுத்தது அம்மாவும் நானும்.
அன்றைக்கு அவர்
லீவு நாளிலும் வேலைக்குப் போனார்.

இந்த வாரக் கணக்கு:
இண்டர்காமில் ஒரு பெண்,
தான் வீட்டில் இல்லை என்று அவளே சொன்னாள்.
ஓய்வுபெற்ற கடிகாரக்காரர் ஒருவர்
உட்காரவைத்து, ஜெபத்தைக் கேட்டு,
அதிலிருந்த இலக்கணப் பிழைகளை மட்டும்
பென்சிலால் எழுதிக் கொடுத்தார்.
நாய் ஒன்று. அது எங்களை விரும்பியது.

வியாழக்கிழமை மாட்ரெட்சில்
வெளிக்கதவு செருப்பு வைத்துத் திறந்திருந்தது.
மணிப்பலகையில் இடம் போதாமல்
பாதியில் வெட்டிய பெயர்: சிவபாதசு.
அவரே இரண்டாம் மாடித் திருப்பத்தில்
மூன்று கதவு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
மாட்டிக்கொண்டு நின்றார்.
மேல் முனையில் அவர் மகள்,
ஒரு கையில் பீரோ, ஒரு கையில் போன்.
டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"யெகோவாவோ?"
"இல்லைங்க, மோர்மன்."
"ஆராயிருந்தாலும் காரியமில்லை,
ஒரு மூலையைப் பிடியுங்கோ."

பிடித்தோம். இரண்டு மாடி.
ஹால்வர்சனின் கக்கம் கிழிந்தது.
ஒரு பூச்சட்டியும் கீழ்வீட்டுக்காரியின் பொறுமையும்
உடைந்தன.

வியர்வையோடு உட்கார்ந்ததும் தேத்தண்ணி வந்தது.
குடிப்பதில்லை என்றோம்.
"பிளேன்டீயும் இல்லையோ? கோப்பி?"
எங்களுக்காக வருத்தப்பட்டு
மகளின் ஓவோமால்டினைக் கலக்கிக் கொண்டுவந்தார்.
பிறகு குனிந்து என் பட்டையை வாசித்தார்,
ஒவ்வொரு எழுத்தாக.

"நல்லமுத்து.
அது தகப்பன்ட பேரெல்லோ.
உம்மட பேர் என்ன தம்பி?"

வாய் திறந்தேன்.
வெளிநாட்டுச் சில்லறையை வைத்துக்கொண்டு
எது எவ்வளவு என்று தேடுகிறவன்போல
கொஞ்ச நேரம் ஆனது.
"திருமாறன்."
பக்கத்தில் ஹால்வர்சன், கோப்பையைக் கீழே வைத்து,
"தீரு... தீருமாரன்?" என்றான்.
இரண்டு மாதமாக
என் கண்பார்வையை விட்டு நகரக்கூடாதவன்.

புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தேன்.
அதைப் பார்த்ததும் அவர்,
"இருக்கட்டும், மற்ற நாள் பார்ப்பம்" என்று
பீரோ மேல் வைத்தார்,
பூட்டின் சாவிக்குப் பக்கத்தில்.

திங்கள். வீடியோவில் அம்மா.
பின்னால் வழக்கம்போல் அப்பா,
பனியனோடு குறுக்கே போகிறார், வருகிறார்.
பேச்சு இருக்காது.
அம்மாவுக்குப் பீரோ கதையைச் சொன்னேன்.
போனவர் நின்றார்.
திரையில் அவர் வயிறு மட்டும் தெரிந்தது.

"படி ஏத்தறப்ப நீ மேல நின்னியா, கீழயா?"

"கீழப்பா."

"ம். கீழ நிக்கறவனுக்குத்தான் கனம்."

சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டைத் தேடிப் போனார்.
ஹால்வர்சன் திரைக்குள் எட்டிப் பார்த்து
யாரது என்றான்.
நல்லமுத்து என்றேன்.